கிட்னி வார்டில் பிடிபட்ட பொட்டலம்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று உங்கள் பேத்தாலஜி துறைத் தலைவி போன் செய்தபோது, நான் கீழ்க்கட்டளையில் எங்கள் அடுக்ககத்து வாசலில் நின்று தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். லாரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது என்பது என் கட்சி. முழுசாக இருந்தது என்பது அவர் கட்சி. அந்தச் சூட்டில் "வர்றேன், வர்றேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். பண்டிகைக்கு முந்தைய நாள். ஊருக்குக் கிளம்புகிற சென்னை மொத்தமும் அன்றைக்குப் பெருங்களத்தூரில்தான் நிற்கும். அதைத் தாண்டித்தான் நம் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஆகவே எழுதி அனுப்புகிறேன். இதில் எனக்கும் ஒரு வசதி உண்டு, யார் கொட்டாவி விட்டாலும் தெரியாது.

வேலை பார்த்த காலமெல்லாம் நான் மைக்ராஸ்கோப்பில் சிறுநீரகத் துணுக்குகளைப் பார்த்தே கழித்தேன். எப்படிச் சாயம் ஏற்றுவது, எதை எண்ணுவது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதற்குக் கனமான புத்தகங்கள் இருக்கின்றன, நீங்களும் அவற்றைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கூட வேலை பார்க்கிற டாக்டர், அதுவும் நல்ல டாக்டர், போன் செய்து "ஒரே ஒரு வரி போட்டுடுங்க மேடம்" என்று கேட்டால் என்ன செய்வது என்பதுதான் அது.

நம் ஆஸ்பத்திரியின் நர்சிங் கல்லூரியில் தனலட்சுமி என்று ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் தனம் என்று கூப்பிடுவார்கள். கடற்கரையோரக் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அந்தக் குடும்பத்தில் மீனைத் தொடாமல் சம்பாதிக்கப்போகிற முதல் ஆள் தனம்தான். வார்டு வேலைக்கு அனுப்ப ஆரம்பித்துச் சில மாசத்திலேயே அவள் கால் துவண்டு விழுந்தாள். ரத்தத்தைச் சோதித்தால் பொட்டாசியம் பாதாளத்தில் கிடக்கிறது. ரத்த அழுத்தமும் தாழ்வு.

சின்ன வயசுப் பெண்ணுக்கு இப்படி இருந்தால் டாக்டர்கள் மனசில் முதலில் வருகிற சந்தேகம் ஒன்றுதான். உடம்பு இளைக்க வேண்டும் என்று நீர் பிரியும் மாத்திரையைத் திருட்டுத்தனமாக விழுங்குகிறாள். தனம் ஏற்கெனவே குச்சி மாதிரி இருப்பாள், இதற்குமேல் இளைக்க அவளிடம் ஒன்றும் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. போதாக்குறைக்கு அவள் வேலை பார்த்த வார்டில் அதே மாத்திரை ஓர் அட்டை காணாமல் போயிருந்தது. நர்சிங் கல்லூரி பிரின்சிபால் மேடம் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். விடை அவருக்கு உடனே கிடைத்துவிட்டது.

தனத்தைச் சிறுநீரக வார்டில் சேர்த்தார்கள். அங்கே தலைமை டாக்டர் ரகுராமன். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரர், நோயாளிகளிடம் முகம் சுளிக்காதவர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதி உண்டு, உப்பு. வார்டுச் சுவர் நெடுக உப்பைத் திட்டிப் போஸ்டர். பார்க்க வருகிறவர்களின் பைகளை நர்சுகள் வாசலிலேயே குடைவார்கள். விமான நிலையத்தில்கூட அப்படிக் குடைந்து நான் பார்த்ததில்லை. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், எல்லாம் பறிமுதல். அவற்றைப் பூட்டி வைக்க ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதைத் திறந்தால் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்து ஊறுகாயும் மணக்கும். நோயாளி வீட்டுக்குப் போகும்போது பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பார்கள். பாட்டிலில் அளவு கொஞ்சம் குறைந்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

தனத்துக்கு ரத்தத்தில் கிரியேட்டினினும் ஏறியிருந்தது, சிறுநீரில் புரதமும் வந்தது. வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது என்று ரகு பயாப்சி எடுத்தார். அது சரியான முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. துணுக்கு என் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் வார்டில் ஒரு கூத்து நடந்துவிட்டது. வார்டின் உப்பில்லாச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, கண்காணிப்பில் படுத்திருந்த பெண், முன்னைவிட மோசமாகி மயக்கம் போட்டாள். வார்டுக்குள்ளேயே மாத்திரை விழுங்குகிறாள் என்று பிரின்சிபால் மேடத்துக்குத் தீர்மானமாகிவிட்டது. நேரே வந்து, பெண்ணை எழுப்பி உட்காரவைத்து, மெத்தையைப் புரட்டினார். மெத்தைக்கு அடியில், பல மடிப்பு மடித்த ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே வெள்ளைப் பொடி.

"மாத்திரையைப் பொடி பண்ணி வெச்சிருக்கா" என்றார் பிரின்சிபால். பொட்டலத்தை ஒரு கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, மேலே கையெழுத்தும் போட்டுக்கொண்டார். இது என்ன என்று கேட்டதற்குத் தனம் வாயைத் திறக்கவில்லை. அழுதாள். அழுதால் குற்றம் செய்தவள் என்று எடுத்துக்கொள்கிற வழக்கம் நம் ஊரில் ஆதிகாலத்திலிருந்து இருக்கிறது. மறுநாள் மத்தியானம் விசாரணை. மாத்திரை திருடியது நிரூபணமானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு எந்தக் கல்லூரியும் அப்புறம் அவளைச் சேர்க்காது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஸ்லைடு வந்தது, பார்த்தேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒரு விசித்திரமான மனிதர். ஸ்லைடோடு வரும் சீட்டில் டாக்டர் என்ன சந்தேகம் எழுதியிருக்கிறார் என்பதை முதலில் படிக்கவே விடமாட்டார். அதன்மேல் தன் காபி டம்ளரை வைத்துவிடுவார். அவர் காலத்துச் சீட்டுகள் எல்லாவற்றிலும் வட்டமாகக் கறை இருக்கும். குளோமருலஸ் என்கிற சல்லடை உருண்டையைப் பற்றி நாங்கள் மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்ததும், "அது கெடக்கட்டும். வாசல்ல யார் நிக்கறா, பாத்தியா?" என்பார். பாதிப் பேர் பார்த்திருக்கமாட்டோம். அன்றைக்கு எங்களுக்கு டிபன் கிடையாது, மறுபடி பார்க்க வேண்டும்.

தனத்தின் சீட்டின் மேல் என் டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தேன். சல்லடைகள் நன்றாகவே இருந்தன. வாசலைப் பார்த்தேன். ரத்தக்குழாய் உள்ளே நுழைகிற இடத்தில் சாதாரணமாக நாலைந்து செல்கள் ஒதுங்கி நிற்கும், தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே தேடவே வேண்டியதில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிற நாள் மாதிரி ஒவ்வொரு வாசலிலும் கூட்டம். குழாய்ச் செல்களில் குமிழ் குமிழாக இருந்தது, பொட்டாசியம் நெடுநாள் தாழ்ந்து கிடந்ததற்கு அது அடையாளம். ஆங்காங்கே பழைய தழும்பும் தெரிந்தது.

அந்த வாசல் செல்களின் வேலை என்னவென்று நீங்கள் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள், எழுதிய கையோடு மறந்தும் இருப்பீர்கள். எங்கள் அடுக்ககத்துச் செயலாளரை வைத்துச் சொல்கிறேன். அவர் வேலை, கீழே இருக்கிற சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து, குறைந்தால் லாரிக்குப் போன் போடுவது. சம்ப்புக்கு அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று வையுங்கள். எவ்வளவு ஊற்றினாலும் வடிந்துவிடும். அவர் போன் போட்டுக்கொண்டே இருப்பார். தனியாக முடியவில்லை என்றால் போன் போட இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்வார். உடம்பில் உப்பு குறைந்தால் ரெனின் என்கிற போனைப் போடுகிறவர்கள் இந்த வாசல் செல்கள்தான். அவர்கள் கூட்டம் பெருத்திருக்கிறது என்றால் உப்பு ரொம்ப காலமாக ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏன் ஒழுகுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. தினமும் யாரோ மாத்திரை போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாலும் கூட்டம் சேரும். பிறவியிலேயே குழாய் பழுதாகி உப்பைத் திரும்ப எடுக்க முடியாமல் போனாலும் இதே கூட்டம்தான் சேரும். அப்படி ஒரு பரம்பரை நோய் இருக்கிறது, மிக அபூர்வம், வெள்ளைக்காரர் ஒருவர் பெயரில் வழங்குகிறது. பெயரை நீங்களே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில், எங்கள் லேபின் வழக்கமான பார்மலின் நெடியை அடித்துத் துரத்திக்கொண்டு ஒரு வாசனை உள்ளே வந்தது. எதிலோ கெட்டுப்போன திசு கிடக்கிறது என்று நினைத்து நான் டெக்னீஷியனைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தேன். திரும்பினால் இடுப்பில் கூடையோடு ஒரு அம்மாள்.

"நீதானாம்மா எம் பொண்ணு கிட்னியப் பாத்தது?" என்றார். "எப்டி கீது?"

எத்தனையோ சிறுநீரகங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, என்னிடம் நேரில் வந்து எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதும் இல்லை.

"யார் பொண்ணும்மா?"

"தனம். நர்சுக்குப் படிக்கிறா. மாத்திர துன்றான்னு சொல்லிகினுகீறாங்கோ. ஜொரத்துக்குக் குடுத்த மாத்திரயவே ஜன்னலாண்ட தூக்கிக் கடாசறவம்மா அவ. அவ போயி திருடித் துன்னுவாளா? மத்தியானம் விசாரணயாம். எனக்கு ஒரே பேஜாரா கீது."

அப்போதுதான் கதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. ரிப்போர்ட்டை டாக்டரிடம்தான் கொடுப்போம், உங்களிடம் சொல்லக்கூடாது என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கூடையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். வஞ்சிரக் கருவாடு.

"அவ கேட்டான்னு எட்த்தாந்தேன். கருவாடு, கருவாடுன்னு போன்ல ஒரே அழுவாச்சி. வார்டுல உள்ள உட மாட்டன்னுட்டாங்கோ. நீயே வெச்சிக்க. நல்லா பாத்து எழுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உப்புக்கு ஏங்குகிற சிறுநீரகம் மைக்ராஸ்கோப்பில் இருக்கிறது. கருவாட்டுக்கு ஏங்குகிற பெண்ணைப் பற்றி அம்மா சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. கருவாட்டை எங்கே ஒளித்து வைப்பது என்பதிலேயே மூளை செலவாகிவிட்டது. அதற்குள் ரகு போன்.

"பாத்துட்டீங்களா மேடம்?"

"பாத்தேன். வாசல்ல பெரிய கூட்டம்."

"அப்போ கன்ஃபர்ம். நீர் மாத்திரைப் பழக்கத்துக்கு ஒத்துப்போகுதுன்னு ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி போட்டுடுங்க. பிரின்சிபால் மேடம் என் உயிரை வாங்கறாங்க."

"பிறவியிலேயே உப்பு ஒழுகற நோய்க்கும் ஒத்துப்போகும் ரகு."

"அது ரொம்ப ரேர் மேடம். இத்தனை வருஷத்துல நான் ஒண்ணுகூடப் பாத்ததில்லை."

"யூரின்ல மாத்திரை இருக்கான்னு டெஸ்டுக்கு அனுப்பினீங்களா?"

"வெளி லேபுக்கு அனுப்பியிருக்கு. வர ஒரு வாரமாகும். விசாரணையைத் தள்ளிவைங்கன்னு சொல்லிப் பாத்தேன், அவங்க கேக்கலை. நீங்க போடுங்க மேடம். நான் சொல்ற வரி பொய் இல்லையே."

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். அவர் கேட்ட வரி பொய் இல்லை. அந்த ஸ்லைடு மாத்திரைப் பழக்கத்துக்கு ஒத்துப்போகத்தான் செய்தது. பொய் எழுதச் சொன்னால் மறுப்பது சுலபம், கோபப்பட்டுப் போனை வைத்துவிடலாம். உண்மையான ஒரு வரியை எழுதச் சொல்கிறார், அந்த வரியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் ஒரு பெண்ணின் படிப்பு போய்விடும். "ஒத்துப்போகிறது" என்று நாம் எழுதுவதை, "அதுதான்" என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள். நம் தொழிலில் இதைவிட ஆபத்தான சொல் எனக்குத் தெரியாது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் நிஜமாகவே மாத்திரை சாப்பிட்டிருந்து, நான் இடையில் புகுந்து காப்பாற்றிவிட்டால்? வைத்தியம் கிடைக்காமல் அவள் அடுத்த தடவை செத்தே போகலாம். அம்மாக்காரி கருவாடு கொடுத்தார் என்பதற்காக நான் ஸ்லைடை வளைக்கிறேனோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. மறுபடி மைக்ராஸ்கோப்பில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கேள்வி ஒன்றே ஒன்று, இதற்கு வயசு என்ன?

கூட்டம் எல்லா வாசலிலும் இருந்தது. தழும்பு முற்றிப்போன தழும்பு. சில மாசத்தில் சேர்ந்த சங்கதி இல்லை, வருஷக்கணக்கான சங்கதி. தனம் மருந்து அலமாரிப் பக்கம் போக ஆரம்பித்தே சில மாசம்தான். அதற்கு முன்னால் கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கலாமே என்று ரகு கேட்பார், கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான். உப்பு பல வருஷமாக ஒழுகியிருக்கிறது, மாத்திரையாலா பிறவிக் கோளாறாலா என்று திசுவை வைத்துச் சொல்ல முடியாது, சிறுநீர்ச் சோதனையும் மரபணுச் சோதனையும் வராமல் யாரும் முடிவு கட்ட வேண்டாம் என்று எழுதினேன். எழுதியதைக் கொடுத்தனுப்பவில்லை, நானே எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். அழைக்காத கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் இருந்தது.

பிரின்சிபால் அறையில் ஏசி ஓடியது. ஆனாலும் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன, மூலையில் கூடையோடு தனத்தின் அம்மா உட்கார்ந்திருந்ததுதான் காரணம். தனம் வெளிறிப்போய்ச் சுவரோரம் நின்றாள். நாலாய் மடித்த கைக்குட்டையை இன்னும் மடித்துக்கொண்டிருந்தாள். அவளை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவள் சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டதில் எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

ரகு என் ரிப்போர்ட்டைப் படித்தார். முகம் சுருங்கியது. "இதுல முடிவே இல்லையே மேடம்."

"முடிவு தெரியலைங்கறதுதான் முடிவு."

"பரவாயில்ல சார்" என்றார் பிரின்சிபால். "நமக்கு இது போதும்." ஸ்டேப்ளர் அடித்த கவரை மேஜை நடுவில் வைத்தார். வைத்த விதத்தைப் பார்த்தால் உள்ளே கத்தி இருக்கிறது என்று நினைப்பீர்கள்.

"அதைத் திறக்கலாமா?" என்றேன்.

"அது எவிடென்ஸ் மேடம். லேபுக்கு அனுப்பணும்."

"நானும் லேப்தான்" என்று சொல்லி, அவர் தடுப்பதற்குள் கவரைக் கிழித்துவிட்டேன். நான் கொஞ்சம் முன்கோபி என்பது அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் ஆச்சரியப்படவில்லை. மடிப்பு மேல் மடிப்பாகப் பிரித்தேன். வெள்ளைப் பொடி, ஈரத்தில் லேசாகக் கட்டிபட்டிருந்தது. கட்டிபட்டதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பொறி தட்டியது. சமையலறையில் நிற்கிற எந்தப் பொம்பிளைக்கும் தட்டியிருக்கும். லேபில் என் மேஜையடியில் ஒளித்து வைத்த கருவாடும் அந்த வினாடியில்தான் ஞாபகம் வந்தது. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

இதை நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். தெரியாத பொடியை நாக்கில் வைக்கிறவர்கள் என்னைப் போலப் பென்ஷன் வாங்குகிற வயசுவரை இருப்பது அபூர்வம்.

"மேடம், என்ன பண்றீங்க?" என்று ரகு எழுந்தே விட்டார்.

"உப்பு" என்றேன்.

தனத்தின் அம்மா எழுந்து வந்து, என்னை நம்பாதவர் மாதிரி, தானும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். "நம்ம வூட்டு உப்புதான். மிக்ஸில நான்தான் அரச்சி வெச்சேன்" என்று அடையாளம் சொன்னார். பிரின்சிபாலுக்கும் பொறுக்கவில்லை, விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். கடைசியில் ரகு. ஜென்ம விரோதியை அவர் நாக்கில் வைத்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாட்சிப் பொருளை விசாரணைக் குழுவே பிரசாதம் மாதிரி பங்கிட்டுத் தின்ற விசாரணை அநேகமாக அது ஒன்றுதான்.

"ஏம்மா சொல்லல?" என்று தனத்தைக் கேட்டேன்.

"எப்டி மேடம் சொல்றது?" என்றாள். "செவுத்துல பூரா உப்பு விஷம்னு ஒட்டியிருக்கு. எங்களுக்குப் பாடத்துலயும் அதான். நர்சுக்குப் படிச்சிட்டு, கிட்னி வார்டுலயே உப்பு வெச்சித் துன்றேன்னா என்ன நெனப்பாங்க? ஆனா துன்னாம இருக்க முடியல மேடம். துன்னலைன்னா கால் புடிச்சிக்குது, தல சுத்துது. நானே என் கிட்னியக் கெடுத்துக்கினேன்னு நெனச்சேன்."

அவள் உப்பால் கெட்டோம் என்று நினைத்து அழுதாள். நாங்கள் மாத்திரையால் அழுகிறாள் என்று நினைத்தோம்.

"எப்போலேர்ந்து இப்படி?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"பொறந்ததுலேர்ந்துதான்னு வெச்சிக்கயேன். மீன் காயப்போட்டு, காக்கா ஓட்ட இவள குந்த வெப்பேன். காக்கா துன்னறத விட இவ துன்னறது ஜாஸ்தி. இன்னாடி கருமம்னு முதுவுல நாலு போடுவேன். அப்பவும் உப்ப நக்கிகினேதான் இருப்பா. தண்ணியும் குடம் குடமா குடிப்பா. இவ அண்ணன் ஒருத்தன், கைக்கொழந்தையா இருக்க சொல்லவே சுருண்டு சுருண்டு பூட்டான். இன்னான்னே தெரியல." அவர் குரல் அந்த இடத்தில் இறங்கியது, முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நான் ரகுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் ரிப்போர்ட்டில் "பல வருஷமாக" என்று இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார். "வார்டுல அவ மயக்கம் போட்டது மாத்திரையால இல்ல. நம்ம சாப்பாட்டால. அப்புறம் பொட்டலத்தையும் புடுங்கிட்டோம்." பெரிய டாக்டர், நாலு பேர் முன்னால் இதைச் சொல்ல மனசு வேண்டும். அதனால்தான் அவர் நல்ல டாக்டர் என்று முதலிலேயே எழுதினேன்.

பிரின்சிபால் மேடம் லேசில் விடுகிறவர் இல்லை. "அப்போ காணாம போன மாத்திரை அட்டை?" என்றார். அது இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் விசாரணையைச் சிறுநீர்ச் சோதனை வரும்வரை தள்ளிவைத்தார். சோதனை வந்தது, மாத்திரையின் தடயம் ஒன்றும் இல்லை. மரபணுச் சோதனை வர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. வந்தபோது, வெள்ளைக்காரர் பெயர் போட்டே வந்தது. பிரின்சிபால் தனத்தைக் கூப்பிட்டு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் ஹாஸ்டல் மெஸ்ஸில் தனியாக ஓர் உப்பு டப்பா வைக்கச் சொன்னார், அதன்மேல் அவரே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வார்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. தனத்துக்கு உப்பு தாராளமாகக் கொடுக்கவும் என்று ரகு எழுதிக் கொடுத்தாரா, டயட் கிச்சனிலிருந்து போன். "சார், தப்பா டைப் ஆயிடுச்சா?" என்றார்கள். இல்லை என்றார். திரும்பவும் போன், இந்தத் தடவை மேற்பார்வையாளர். "சார், இது உங்க கையெழுத்துதானா?" அப்புறம் ஓர் ஆள் நேரிலேயே வந்து, சாரின் உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி. கடைசியில் ரகு பொறுமை இழந்து, இரும்பு அலமாரியைத் தானே திறந்து, பறிமுதல் சரக்கிலேயே நல்ல ஆவக்காயாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனத்தின் தட்டில் வைத்தாராம். பக்கத்துக் கட்டில் தாத்தா, "அந்தப் பொண்ணுக்கு வந்திருக்கிற நோயே எனக்கும் இருக்கக்கூடாதா டாக்டர்?" என்று கேட்டாராம். உப்பு நல்லது என்று நான் சொன்னதாக யாரும் வெளியே கிளப்பிவிடாதீர்கள். கோடிப் பேரில் மற்ற எல்லோருக்கும் ரகுவின் போஸ்டர்தான் சரி.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், திசு என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள். அதோடு, திசுவுக்குத் தெரியாதது எது என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது வரிக்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். எழுதிவிட்டு, எப்போதாவது ஒரு தடவையாவது, அந்தத் துணுக்குக்குச் சொந்தக்காரர் நிற்கிற அறைக்கு நடந்து போங்கள். என் பேராசிரியர் டம்ளரை வைத்துச் சீட்டை மறைத்தது பாதிதான் சரி. பார்த்து முடித்தபின் டம்ளரை எடுக்க வேண்டும். அவர் எடுக்க மறந்துவிடுவார், காபி ஆறிப்போகும்.

போன மாசம் என் கால் வீங்கியது. ரத்த அழுத்தமும் எக்கச்சக்கம். ரகு என்னைப் பிடித்துத் தன் வார்டிலேயே படுக்கவைத்துவிட்டார். தண்ணீர் லாரிக்காரர்கள் சாபம் என்று நினைக்கிறேன். மத்தியானம் வீட்டிலிருந்து தயிர் சாதம் வந்தது, அதன் அடியில் என் தங்கை சாமர்த்தியமாகப் புதைத்து அனுப்பிய மாவடு. டப்பாவைத் திறந்து முதல் கவளம் எடுப்பதற்குள் ஒரு கை வந்து டப்பாவை நகர்த்தியது. நிமிர்ந்து பார்த்தேன். வார்டின் சிஸ்டர், தனலட்சுமி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள், பார்க்க நன்றாக இருந்தது.

"இது உங்க கிட்னிக்கு ஆகாது மேடம்" என்றாள்.

"உன் கிட்னியை எனக்குத் தெரியும்டி" என்றேன். "என் கிட்னியை நீ சொல்ல வந்துட்டியா?"

"தெரியும்தான் மேடம். அதான் சொல்றேன்." ஸ்பூனால் மாவடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை, சோற்றைக் கிளறித் தேடினாள்.

"அலமாரியில வைக்கப்போறியா?"

"எதுக்கு மேடம் வீணா" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தாள். "எனக்கு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு."

நான் வெறும் தயிர் சாதத்தை வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. அவள் மென்றுகொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. என்றைக்கோ அவள் அம்மா என்னைக் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

"எப்படி இருக்கு?"

யோசித்துப் பார்த்து, இன்னொன்றையும் கடித்து, நிச்சயப்படுத்திக்கொண்டு சொன்னாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி மேடம்."